ஒயர் செருகாத கிதார்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். 1960-களில் பிரிட்டனில் இளைஞர்களுக்காக வந்த டிவி இசை நிகழ்ச்சிகளின் பழைய துண்டுகளை யூடியூபில் பார்த்திருக்கிறீர்கள். எலெக்ட்ரிக் கிதாரில் ஒயரே செருகவில்லை. ஒரு பாடகி தனியாக நின்று பாடுகிறார், சுற்றிலும் ஒரு வயலின்கூட இல்லை, ஆனால் காதில் ஒரு வயலின் பட்டாளமே கேட்கிறது. "அப்போ எல்லாமே வாயசைப்புதானா? அந்தக் காலத்திலேயே ஜனங்களை ஏமாற்றினார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஏன் வாயசைத்தார்கள் என்பது ஒன்று. பார்த்தவர்கள் ஏமாந்தார்களா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் நீளம். இரண்டாவதற்கு என் பதில் இல்லை என்பதுதான், அதற்கான காரணம் போகப் போக வரும்.

என்னைப் பற்றி ஒரு வரி. சென்னையில் டிவி ஸ்டூடியோக்களில் ஒலிப்பதிவுப் பக்கம் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். லண்டன் ஸ்டூடியோ எதிலும் காலெடுத்து வைத்ததில்லை. ஆகவே மைக், ஸ்பீக்கர், டேப் பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்தில் வந்தது. வருஷம், பெயர் போன்றவை இந்த நிகழ்ச்சிகள் மேல் உள்ள பித்தில் படித்தும் பார்த்தும் சேர்த்தவை.

பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்றை முதலில் நேர்ப்படுத்த வேண்டும். ஆரம்பத்தில் வாயசைத்தார்கள், தொழில்நுட்பம் வளர வளர நிஜமாகப் பாட ஆரம்பித்தார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பிரிட்டனில் நடந்தது அப்படி அல்ல. ஆரம்ப நிகழ்ச்சிகளில் மேடையிலேயே பாடினார்கள், வாசித்தார்கள். வாயசைப்பு அதற்குப் பிறகு வந்தது. அப்புறம் அதற்குத் தடை வந்தது, தடையிலிருந்து ஒரு சமரசம் பிறந்தது.

1957 தொடக்கம் வரை பிரிட்டிஷ் டிவியில் மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை ஒன்றுமே வராது. திரை காலியாக இருக்கும். சின்னப் பிள்ளைகளைத் தாய்மார்கள் தூங்க வைக்க வசதியாக இருக்கட்டும் என்று அப்படி ஓர் ஏற்பாடு. 1955-இல் வந்த தனியார் டிவிக்கு அந்த ஒரு மணி நேர விளம்பர வருமானம் போவது பொறுக்கவில்லை. அவர்கள் நெருக்க, அரசு அந்த இடைவெளியை நீக்கியது. 1957 பிப்ரவரி 16, சனிக்கிழமை. காலியாகக் கிடந்த அந்த மணி நேரத்தில் அன்றைக்கே, ஆறு அடித்து ஐந்து நிமிஷத்தில், பிபிசி போட்ட நிகழ்ச்சிதான் 'சிக்ஸ்-ஃபைவ் ஸ்பெஷல்'. பெயரே நேரத்தை வைத்து, ரயில் வண்டிக்கு வைப்பதுபோல வைத்தது. குழந்தைகளைத் தூங்க வைக்க ஒதுக்கிய நேரத்தில் அவர்களுடைய அண்ணன் அக்காக்களை ஆட வைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

அதன் தயாரிப்பாளர்களில் ஒருவர் ஜாக் குட். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், நாடகப் பைத்தியம். ராக் அண்ட் ரோலை அவர் நாடகமாகத்தான் பார்த்தார். பிபிசிக்கோ இளைஞர்களுக்கான நிகழ்ச்சி என்றால் நடுவில் கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் பொழுதுபோக்கு, கொஞ்சம் நல்ல புத்தி எல்லாம் கலந்திருக்க வேண்டும். ஃப்ரெட்டி மில்ஸ் என்ற பழைய குத்துச்சண்டை சாம்பியன்கூட அதில் வந்துபோவார். ஜாக் குட்டுக்கு அது பிடிக்கவில்லை. மேலிடத்தைச் சமாதானப்படுத்த செட் போட்டுக் காட்டிவிட்டு, ஒளிபரப்பு தொடங்கும் நேரத்தில் அவற்றைத் தள்ளிவிட்டு ஸ்டூடியோ முழுக்கக் கூட்டத்தை நிரப்பினார் என்று ஒரு கதை உண்டு. கதை நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதாலேயே அதை நான் பாதிதான் நம்புகிறேன். ஆனால் ஆடுகிற கூட்டத்தையே கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்தார் என்பதில் சந்தேகமில்லை. அதற்கு முன்னால் பார்வையாளர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டுகிறவர், அவ்வளவுதான்.

குட் அங்கிருந்து விலகி, தனியார் பக்கம் போய், 1958-இல் 'ஓ பாய்!' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். கிழக்கு லண்டனில் ஹாக்னி எம்பயர் என்ற பழைய நாடகக் கொட்டகையிலிருந்து நேரடி ஒளிபரப்பு. பேச்சு கிடையாது, அறிவுரை கிடையாது, ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டு. அந்த செப்டம்பரில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் முதல்முறையாக டிவியில் வந்தான். பெயர் கிளிஃப் ரிச்சர்ட், பிறந்தது லக்னோவில். கிருதாவை எடுக்கச் சொன்னதும் கிதாரைக் கீழே வைக்கச் சொன்னதும் குட்தான் என்று கிளிஃபே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருடைய முதல் இசைத்தட்டில் 'மூவ் இட்' பின்பக்கப் பாட்டாக இருந்தது. முன்பக்கப் பாட்டு வேண்டாம், அதைப் பாடு என்று குட் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் பின்பக்கம்தான் ஜெயித்தது. தட்டில் எது முக்கியம் என்பதை டிவி தீர்மானித்த ஆரம்ப உதாரணங்களில் ஒன்று இது.

'ஓ பாய்!' முழுக்க நேரடி வாசிப்பு. சரி, 1958-இல் முடிந்தது 1963-இல் ஏன் முடியவில்லை? என் தொழில் உள்ளே வரும் இடம் இது.

'ஓ பாய்!'-யில் எல்லாப் பாடகர்களுக்கும் பின்னால் வாசித்தது பெரும்பாலும் ஒரே குழு, லார்ட் ராக்கிங்ஹாம்ஸ் லெவன். ஒரே குழு என்றால் ஒலிப்பதிவாளருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மைக் ஒருமுறை வைத்தால் போதும், அளவு ஒருமுறை பார்த்தால் போதும், பாடகர்கள் மட்டும் மாறி மாறி வருவார்கள். அன்றைக்குப் பாட்டுதான் பிரதானம். யார் பாட்டை யார் வேண்டுமானாலும் பாடலாம், அடுத்த வாரம் வேறொருவர் பாடலாம். தட்டில் இருப்பது அந்தப் பாட்டின் ஒரு வடிவம், அவ்வளவே.

1963-க்குள் இது தலைகீழாகிவிட்டது. இப்போது குழுவே பாடுகிறது, குழுவே வாசிக்கிறது. ஒரே நிகழ்ச்சியில் ஐந்து குழு என்றால் ஐந்து டிரம்ஸ், கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பத்துப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் தனியாக மைக் வைத்து, அளவு பார்த்து, அடுத்த குழுவுக்கு மாற்ற நேரம் வேண்டும். பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்ஸரிலும் இன்றைக்கு இருப்பதுபோல நாற்பது, ஐம்பது சேனல் கிடையாது. பாடகர் முன்னால் வைத்த மைக்கில் அவர் குரலைவிடப் பின்னால் அடிக்கிற டிரம்ஸ் அதிகமாக விழும். பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்க இன்றைக்கு மேடையோரம் ஒரு ஸ்பீக்கர் வைக்கிறோம், காதுக்குள்ளேயே கருவி மாட்டுகிறோம். அன்றைக்கு அது பரவலாக இல்லை. எதிரே இருநூறு பெண்பிள்ளைகள் வீறிட்டுக் கத்தும்போது சுதி சேர்த்துப் பாடச் சொன்னால் எப்படி? அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்.

இதைவிடப் பெரிய காரணம், தட்டே மாறிப்போனது. ஒரே குரலை இரண்டு முறை பதிவு செய்து ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினார்கள். எதிரொலி சேர்க்க எக்கோ அறை வைத்தார்கள். கூலிக்கு வந்த வயலின்காரர்கள் ஸ்டூடியோவில் வாசித்துவிட்டுப் போனார்கள். கடையில் விற்கிற சரக்கு அந்த ஒலிதான். டிவியில் வேறு மாதிரிக் கேட்டால், "தட்டில் கேட்டது மாதிரி இல்லையே" என்று பையன்களே முகம் சுளிப்பார்கள். தட்டுக் கம்பெனிக்கும் வேண்டியது தட்டின் ஒலிதான். டிவிக்காரர்களுக்கும் அது மலிவு. தட்டை ஓட விட்டால் மைக் வேண்டாம், வாத்தியக்காரர் கூலி வேண்டாம், கேமராவை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், கூட்டம் பாடகரை ஒட்டியே ஆடலாம். ஸ்டூடியோ ஸ்பீக்கரில் தட்டு சத்தமாக ஓடும், எல்லோரும் அந்தத் தாளத்துக்கு ஆடுவார்கள்.

பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்தவர்கள் நாம், நமக்கு இது ஏன் உறுத்துகிறது என்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன். டி.எம்.எஸ். குரலுக்கு சிவாஜி வாயசைத்ததை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. பாடுகிறவர் வேறு, திரையில் இருப்பவர் வேறு என்பது ஊருக்கே தெரிந்த ஒப்பந்தம். மேற்கே அந்த ஒப்பந்தம் இல்லை. குரலும் முகமும் ஒரே ஆளுடையது என்பதுதான் அங்கே பாட்டுக்காரரின் மூலதனம். அதனால் அதே ஆள் தன் சொந்தக் குரலுக்கே வாயசைத்தாலும் அங்கே உறுத்தும். யூடியூபில் அந்தக் கண்ணோடு பார்த்துப் பழகியதால் இப்போது நமக்கும் உறுத்துகிறது போல.

வாயசைப்பை வெளிப்படையாகவே செய்த நிகழ்ச்சி, 1961-இல் வந்த 'தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்'. 1963 ஜனவரி 19 அன்று பீட்டில்ஸ் அதில் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டோடு வந்தார்கள். பாட்டோடு வந்தார்கள் என்றால், பாட்டுக்கு வாயசைத்தார்கள். அது பிரிட்டனில் மிகக் கடுமையான பனிக்காலம். வெளியே போக முடியாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்த சனிக்கிழமை. அன்று பார்த்தவர்கள் அதிகம் என்றும், அந்தப் பாட்டு எழும்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் சொல்வார்கள். பனி உண்மை, பாட்டு எழும்பியதும் உண்மை. இரண்டுக்கும் உள்ள தொடர்பு நியாயமான ஊகம், அதற்கு மேல் இல்லை.

அதே வருஷம் ஆகஸ்ட் 9-இல் 'ரெடி ஸ்டெடி கோ!' தொடங்கியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், வார விடுமுறை இங்கேதான் தொடங்குகிறது என்ற அறிவிப்போடு வரும். லண்டன் கிங்ஸ்வேயில் ஒரு கட்டடத்துக்குள் இருந்த சின்ன ஸ்டூடியோ. சின்னது என்றால் கேமராவும் கூட்டமும் பாடகரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. ஒரு கேமராவின் படத்துக்குள் இன்னொரு கேமரா தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது திரையில் கேமரா தெரிந்தால் அந்த ஷிஃப்ட் இயக்குநர் எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். இவர்களோ அதையே அழகாக்கினார்கள். தொகுப்பாளர் கேத்தி மெக்கோவன், இள வயதுப் பெண் தேவை என்ற விளம்பரத்துக்கு விண்ணப்பித்து வந்தவர். தடுமாறுவார், வரியை மறப்பார், பிடித்த பாடகரைக் கண்டால் நம் வீட்டுப் பெண் மாதிரி திக்குமுக்காடுவார். பிபிசி உச்சரிப்பு பேசும் கோட்டுக்கார அறிவிப்பாளர்களுக்கு நடுவே அந்தத் தடுமாற்றம்தான் அவரை நட்சத்திரமாக்கியது. அவர் என்ன உடுத்தினாரோ அதைக் கடைகளில் தேடினார்கள்.

ஆரம்பத்தில் 'ரெடி ஸ்டெடி கோ!'-விலும் வாயசைப்புதான். ஆனாலும் அதை நேரடி நிகழ்ச்சி என்று சொன்னதில் பொய் இல்லை. நேரடியாக நடந்தது அந்தத் தரையில் நடந்த எல்லாமும்தான். கிளப்புகளில் நன்றாக ஆடுகிறவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். அந்த வாரம் லண்டனில் என்ன ஆட்டம், என்ன முடி, என்ன சட்டை என்பது வெள்ளிக்கிழமை நியூகாசிலில் இருக்கும் பையனுக்குத் தெரிந்துவிடும், சனிக்கிழமை அவன் அதை ஆடிப்பார்ப்பான். தட்டை அவன் ஏற்கெனவே கேட்டிருக்கிறான், வீட்டில் வைத்திருக்கவும் கூடும். டிவியில் அவனுக்கு வேண்டியிருந்தது தட்டில் இல்லாதது: முகம், உடை, உடம்பு அசையும் விதம். அதில் எதுவும் போலி இல்லை. ஏமாறவில்லை என்று மேலே சொன்னேனே, அது இதனால்தான்.

1965 ஏப்ரல் முதல் அந்த நிகழ்ச்சி வாயசைப்பைக் கைவிட்டு முழு நேரடிப் பாடலுக்கு மாறியது. வெம்ப்ளியில் இருந்த பெரிய ஸ்டூடியோவுக்கும் போனது. அதே மாதம்தான் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு தொகுத்து வழங்கிய, மோட்டவுன் என்ற அமெரிக்கத் தட்டுக் கம்பெனியின் பாடகர்களுக்கான சிறப்பு நிகழ்ச்சி வந்தது. சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஸ்மோக்கி ராபின்சன், ஸ்டீவி வொண்டர் எல்லோரும் ஒரே மேடையில். மறு வருஷம் செப்டம்பரில் அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்குக்கு ஒரு முழு நிகழ்ச்சியையே கொடுத்தார்கள். அதைத் தேடிப் பாருங்கள். குரல் உடைகிறது, மூச்சு வாங்குகிறது, மைக்குக்கு அருகே வரும்போது ஒலி பெருக்கிறது, தள்ளும்போது சிறுக்கிறது. ஒலிப்பதிவாளன் கணக்கில் குறைகள் நிறைய. அந்தக் குறைகளுக்காகவே நான் அதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. 1966 டிசம்பர் 23-இல் 'ரெடி ஸ்டெடி கோ!' நின்றுபோனது.

இதற்கிடையில் பிபிசி 1964 புத்தாண்டு தினத்தில் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' தொடங்கியிருந்தது. மான்செஸ்டரில் டிக்கன்சன் ரோடு என்ற தெருவில், ஸ்டூடியோவாக மாற்றிய ஒரு பழைய தேவாலயத்தில். அதன் சட்டதிட்டம் சுலபம். விற்பனைப் பட்டியலில் இறங்குகிற பாட்டுக்கு இடமில்லை. முதலிடப் பாட்டைத் தவிர வேறு எதுவும் அடுத்தடுத்த வாரம் வராது. முடிவில் முதலிடப் பாட்டு. பட்டியல்தான் நாயகன், பாடகர்கள் வந்துபோகிறவர்கள். ஆரம்ப வருஷங்களில் ஒரு பெண் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து தட்டைச் சுழல்மேடையில் வைப்பார். அதைக் கவனியுங்கள். ஓடப்போவது தட்டுதான் என்று நிகழ்ச்சியே உங்கள் கண் முன்னால் காட்டிவிட்டது. ஏமாற்ற நினைப்பவன் அதைக் காட்டுவானா?

வாயசைப்பின் மேல் கோபம் ரசிகர்களிடமிருந்து வந்ததைவிட வாத்தியக்காரர்களின் சங்கத்திடமிருந்து அதிகமாக வந்தது. கலை நேர்மை பற்றிய கோபம் அல்ல அது, கூலி பற்றியது. தட்டு ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் ஒரு வாத்தியக்காரனின் வேலை போகிற நிமிஷம் என்பது அவர்கள் வாதம். வானொலியில் தட்டு ஓட்டுவதற்கு ஏற்கெனவே கட்டுப்பாடு இருந்தது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் தட்டு போடலாம் என்று ஒப்பந்தம். தட்டில் ஊசி ஓடும் நேரம் என்ற பொருளில் அதை நீடில் டைம் என்பார்கள். அதனால் பிபிசி வானொலியில் பாப் தட்டுகள் அரிது. பையன்கள் ராத்திரியில் போர்வைக்குள் ரேடியோவை வைத்துக்கொண்டு லக்ஸம்பர்க் வானொலியைக் கேட்டார்கள். 1964-இலிருந்து கடலில் கப்பல் நிறுத்தி அனுமதியில்லாமல் ஒலிபரப்பிய ரேடியோ கரோலைனைக் கேட்டார்கள். பிபிசி இவர்களுக்கென்று ரேடியோ 1 தொடங்கியது 1967 செப்டம்பரில்தான். டிவியில் வாரம் அரைமணி நேரம் வந்த பாட்டுக்கு அவ்வளவு மவுசு இருந்ததற்கு இந்த வறட்சியும் காரணம்.

சங்கம் நெருக்கியதில் 1966-இல் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' வாயசைப்பை நிறுத்தியது. நேரடியாக வாசிக்க வைத்தார்கள். சில வாரம்தான். தட்டில் இரும்பு மாதிரி ஒலித்த குழுக்கள் டிவியில் தகரமாக ஒலித்தன. பிறகு ஒரு சமரசம் வந்தது. இசையை நிகழ்ச்சிக்கென்றே புதிதாகப் பதிவு செய்து கொண்டுவரலாம், ஆனால் அதில் வாசித்தவர்கள் அத்தனை பேரும் ஸ்டூடியோவிலும் இருக்க வேண்டும். தனிப் பாடகர்களுக்கு ஜானி பியர்சன் நடத்திய நிகழ்ச்சியின் சொந்த இசைக்குழு வாசித்தது. கோட்டுப் போட்ட அனுபவஸ்தர்கள். நளினமான பாட்டு என்றால் தேனாக வாசிப்பார்கள். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் மாதிரிப் பாடகருக்கு அது அல்வா. அவர் 1936-இல் மெட்ராஸில் பிறந்தவர் என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. 1967-இல் பீட்டில்ஸின் 'பென்னி லேன்' தட்டு முதலிடத்துக்கு வராமல் தடுத்தது அவருடைய 'ரிலீஸ் மீ'தான். ஆனால் அதே இசைக்குழுவிடம் முரட்டு கிதார் பாட்டைக் கொடுத்தால் கல்யாண வீட்டு பேண்டு வாசித்தது மாதிரி ஆகிவிடும்.

புதிதாகப் பதிவு செய்கிறோம் என்று சங்கத்தின் ஆளை ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, அவர் கண் அசந்த நேரத்தில் பழைய தட்டின் டேப்பையே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்று பல இசைக்கலைஞர்கள் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். இது நடந்தது என்பதை நம்புகிறேன், இத்தனை பேர் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல மாட்டார்கள். எத்தனை பாட்டில் நடந்தது என்பதற்கு மட்டும் யாரிடமும் கணக்கு இருக்காது. திருட்டுக் கணக்கை யார் எழுதி வைப்பார்கள்?

மற்ற நாடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இரண்டு வரி. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்டு' 1957 ஆகஸ்டில் நாடு முழுக்கப் போனது. டிக் கிளார்க் நடத்திய அந்த நிகழ்ச்சி தொடக்கத்திலிருந்தே தட்டையும் ஆட்டத்தையும் நம்பியது. வாயசைப்பைப் பற்றி அங்கே யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஜெர்மனியில் 1965-இல் 'பீட் கிளப்' தொடங்கியபோது, இந்த இசை பிடிக்காத பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவிப்பாளர் முதலிலேயே கேட்டுக்கொண்டார். 

ஏன் இவ்வளவு குறைவான துண்டுகளே கிடைக்கின்றன என்றும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். அன்றைய வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம், விலை மிக அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்து அடுத்த நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். பாப் பாட்டு நிகழ்ச்சியை மறு ஒளிபரப்புச் செய்யலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. போன மாதப் பட்டியல் யாருக்கு வேண்டும்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் பதிவு செய்த ஒரு முழு வருஷப் பொங்கல் நிகழ்ச்சிகளை நான் வேலை பார்த்த இடத்திலேயே டேப் பற்றாக்குறையில் அழித்தார்கள். எந்த டேப்பை அழிக்கலாம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். 1960-களின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நூற்றுக்கணக்கில் வந்தது, முழுசாக மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பீட்டில்ஸ் 1965-இல் அதில் 'டிக்கெட் டு ரைடு' பாட்டுக்கு வந்ததில் ஒரு துண்டு பிழைத்திருக்கிறது. எப்படி என்றால், 'டாக்டர் ஹூ' என்ற பிபிசி டிவி நாடகத்தில், கடந்த காலத்தைக் காட்டும் ஒரு கருவியின் திரையில் ஓடுவதாக அதை எடுத்துப் போட்டிருந்தார்கள், அந்த நாடகம் பிழைத்ததால் பாட்டும் பிழைத்தது. 1966 ஜூன் 16-இல் அவர்கள் நேரிலேயே ஸ்டூடியோவுக்கு வந்த நிகழ்ச்சி மொத்தமாகப் போய்விட்டது. 2019-இல் அதில் பதினொரு விநாடி கிடைத்தது. யாரோ வீட்டில் டிவித் திரைக்கு முன்னால் எட்டு மில்லிமீட்டர் கேமராவை வைத்துப் பிடித்த ஊமைப் படம். அன்று அவர்கள் பாடாமல் தட்டுக்கு வாயசைத்திருந்ததால், இன்று ஊமைப் படத்தின் மேல் அதே தட்டை ஏற்றிவிட முடிகிறது, உதடும் பாட்டும் பொருந்துகின்றன. நிஜமாகவே பாடியிருந்தால் அந்த ஒலி போனது போனதுதான்.

இனி நீங்களே கண்டுபிடிக்க என் தொழிலிலிருந்து சில அடையாளங்கள். ஒயர் இல்லை என்பது நல்ல சான்று. ஒயர் இருப்பது எதற்கும் சான்று ஆகாது, அதன் மறுமுனை சும்மா தரையில் கிடக்கலாம். குரலைக் கேளுங்கள். ஒரே வாயிலிருந்து இரண்டு குரல் இழை வந்தால் அது தட்டு. பாடகர் தலையைத் திருப்பியும் ஒலி இம்மியும் மாறாவிட்டால் அதுவும் தட்டு. டிரம்ஸ்காரரின் சிம்பலைப் பாருங்கள், வாயை அசைப்பது சுலபம், கையை ஏமாற்றுவது கஷ்டம். நான் ஒலிப்பதிவு செய்த ஒரு நிகழ்ச்சியில் டிராக் தொடங்குவதில் இரண்டு விநாடி பிந்திவிட்டது. பாடகர் சமாளித்துவிட்டார், பின்னால் தபலாக்காரர் மட்டும் பாட்டு வருவதற்கு முன்பே ஓர் ஆவர்த்தனத்தை முடித்துவிட்டார். ஒளிபரப்பில் அது போய்விட்டது. இன்றைக்கும் நண்பர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிக்கலானது நடுவில் இருக்கும் வகை. 1966-க்குப் பிந்தைய 'டாப் ஆஃப் த பாப்ஸ்' துண்டுகளில் இசை பதிவு செய்தது, குரல் மட்டும் நேரடி என்று இருக்கலாம். குரலும் சேர்த்தே புதிதாகப் பதிவு செய்ததாகவும் இருக்கலாம். இன்னொரு தொல்லை, யூடியூபில் ஏற்றுகிறவர்களில் சிலர் பழைய ஒலி மோசமாக இருக்கிறது என்று நல்லெண்ணத்தில் தட்டின் ஒலியையே மேலே ஒட்டிவிடுகிறார்கள். அப்போது நிஜமாகப் பாடிய காட்சியும் வாயசைப்பாகத் தெரியும். ஆகவே ஒரே ஒரு பதிவை மட்டும் பார்த்து என்னாலும் சத்தியம் செய்ய முடியாது. அதே காட்சி வேறு யாராவது ஏற்றியதாக இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய அந்த வயலின் துண்டை நான்கு முறை பார்த்தேன். கடைசிப் பத்து விநாடியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பாட்டு முடிவதே இல்லை, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியபடி ஒலி மெதுவாகத் தேய்ந்து மறைகிறது. அன்றைய தட்டுகளில் அது வழக்கம். ஸ்டூடியோவில் நின்று பாடுகிற ஆள் அப்படித் தேய்ந்து மறைய முடியாது, எங்காவது நிறுத்தியாக வேண்டும். அந்தப் பாடகிக்கும் அது தெரிகிறது. என்ன செய்வதென்று புரியாமல் வாயை மூடி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் பக்கத்தில் ஆடுகிற பெண்ணைப் பார்க்கிறார். கேமரா சட்டென்று அந்தப் பெண்ணிடம் போய்விடுகிறது. அவள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள்.